கூட்டப்புளிக்குப் போனவர்கள்

நெய்யாற்றின்கரையில் பென்ஷன்காரர்கள் கூடுகிற வாசகசாலை ஒன்று உண்டு. போன வாரம் அங்கே பத்திரிகையை வைத்துக்கொண்டு பெரிய வாக்குவாதம். வசூலாகிற வரியில் டெல்லிக்கு எவ்வளவு, ராஜ்யங்களுக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல ஒரு கமிஷன் போட்டிருக்கிறார்களாம். விற்பனை வரி ஆபீசில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் என் பக்கம் திரும்பி, “சாரே, உங்க காலத்தில இந்தப் பிடுங்கல் ஒண்ணும் இல்லல்லா? மகாராஜாவுக்க நாடு, மகாராஜாவுக்க கஜானா. வாங்கின வரி ஒக்க நமக்குத்தானே?” என்று கேட்டார்.

சுற்றி இருந்தவர்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அவர்களில் தேவஸ்வத்தில் இருந்தவர் உண்டு, பள்ளிக்கூடத்தில் இருந்தவர் உண்டு. உப்பு இலாகாவில் இருந்தவன் நான் ஒருவன்தான். அந்த இளைஞருக்கு அங்கே வைத்துப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆரம்பித்திருந்தால் சத்தம் போட்டிருப்பேன். அதனால் வீட்டுக்கு வந்து எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் பாறசாலைக்குப் பக்கத்தில் கொல்லயில் என்ற கிராமம். எங்கள் குடும்பத்தில் நிலத்தைப் பார்க்க ஒரு மகன், சர்க்கார் உத்தியோகத்துக்கு ஒரு மகன் என்று வைப்பது வழக்கம். நிலம் அண்ணனுக்குப் போயிற்று. என்னை ஒரு உறவினர் உப்பு இலாகாவில் சேர்த்துவிட்டார். நாகர்கோவிலுக்குத் தெற்கே இருந்த உப்பளங்களில் பயிற்சி. வெயிலில் நின்று கண் சிவந்ததும், குவித்த உப்பின் மேல் மரப்பலகை முத்திரையை அழுத்திப் பழகியதும்தான் அந்தக் காலத்தில் எனக்கு நினைவிருப்பவை. உப்பு அம்பாரத்தில் சர்க்கார் முத்திரை விழுந்துவிட்டால் காக்கை வந்து உட்கார்ந்தாலும் தெரியும். அந்த முத்திரை கலைந்தால் காவல்காரனின் வேலை போகும்.

பிறகு காஞ்சிரங்குளத்தில் இன்ஸ்பெக்டராகப் போட்டார்கள். ஆறு கடலில் சேரும் பூவார் பொழி தொடங்கி கீழே கடற்கரை முழுவதும் என் எல்லை. நெய்யாற்றின்கரையில் இருந்த சர்க்கார் பண்டகசாலையில் உப்பு விற்கும். அந்த உப்பைத் தவிர வேறு உப்பு எவன் கையிலும் இருக்கக் கூடாது. அதைப் பார்ப்பதுதான் என் உத்தியோகம்.

அந்த இளைஞர் கேட்டதற்கு இங்கேதான் பதில் தொடங்குகிறது. எங்கள் தாத்தாமார் காலத்தில் நம் சர்க்காரும் பிரிட்டிஷ் சர்க்காரும் வியாபார உடன்படிக்கை ஒன்று செய்துகொண்டன. அதன்படி பிரிட்டிஷ் சீமையில் உப்பு என்ன விலையோ, திருவிதாங்கூரிலும் அதே விலை. நாம் குறைத்து விற்றால் நம் உப்பு ஆரல்வாய்மொழி வழியாகத் திருநெல்வேலிக்குப் போய் அவர்களுடைய வருமானம் கெட்டுவிடும் என்பது காரணம். அவர்கள் வரியை ஏற்றினால் நாமும் ஏற்ற வேண்டும். இரண்டாவது, அந்தப் பக்கத்துச் சரக்குகள் நம் எல்லைக்குள் சுங்கம் இல்லாமல் வரலாம். உப்பு, புகையிலை மாதிரி சில சரக்குகள் மட்டும் இந்தச் சலுகையில் சேராது. மூன்றாவது, சீமைத்துணியும் மண்ணெண்ணெயும் தூத்துக்குடியில் இறங்கும். இறங்கும்போதே பிரிட்டிஷ் சர்க்கார் தீர்வை வாங்கிவிடும். துணியை உடுத்தி, எண்ணெயை எரித்து, அந்தத் தீர்வையை விலையோடு சேர்த்துக் கொடுப்பவன் ஒற்றசேகரமங்கலத்தில் மரச்சீனிக் கிழங்கு நடுகிறவன். அந்தத் தீர்வையில் நமக்குப் பங்கு கிடையாது. நம் சர்க்காருக்கு ஆன நஷ்டத்துக்கு ஈடு என்று ஒரு தொகையை அந்தக் காலத்திலேயே பேசி முடித்துவிட்டார்கள். வியாபாரம் எத்தனை மடங்கு பெருகினாலும் தொகை பெருகாது. மகாராஜாவுக்குக் கொடி உண்டு, சங்கு முத்திரை உண்டு, பீரங்கி மரியாதை உண்டு. உப்புக்கு விலை போடும் அதிகாரம் மட்டும் இல்லை.

இதெல்லாம் எனக்குப் பயிற்சியில் யாரும் சொல்லித் தந்ததல்ல. ரோசம்மா என்ற ஒரு பெண்பிள்ளையால் நான் தெரிந்துகொண்டது.

பூவாருக்குத் தெற்கே கடற்கரையில் மீன் உப்பிடும் கொட்டகை வைத்திருந்தாள் ரோசம்மா. புருஷன் கடலில் போனவன், திரும்பவில்லை. தம்பி யாக்கோபு கட்டுமரக்காரன். அவனும் அவனுடைய ஆட்களும் கொண்டுவரும் மீனைக் கீறி, உப்பிட்டு, காயவைத்து, பாறசாலைச் சந்தைக்கும் நெய்யாற்றின்கரைச் சந்தைக்கும் அனுப்புவாள். கொட்டகையில் பத்துப் பதினைந்து பெண்களுக்கு வேலை இருந்தது. என் எல்லையில் பண்டகசாலை உப்பை ஒழுங்காக வாங்குபவர்களில் அவள் முதலாவது. உப்புத் திருட்டு என்று அவள் மேல் ஒரு புகார் வந்ததில்லை.

பிறகு பாறசாலைச் சந்தைக்குக் கிழக்கிலிருந்து கருவாட்டு வண்டிகள் வர ஆரம்பித்தன. திருநெல்வேலிச் சீமைக் கடற்கரையில் பிரிட்டிஷ் சர்க்கார் மீன் உப்பிடுவதற்கென்று வேலி கட்டிய யார்டுகளைத் திறந்திருந்தது. மீனைக் கொண்டுபோய் அந்த வேலிக்குள் உப்பிட்டால் உப்புக்கு வரி இல்லை, அடக்க விலைக்கே கிடைக்கும். அப்படி உப்பிட்ட கருவாடு உடன்படிக்கையின்படி நம் எல்லைக்குள் சுங்கம் இல்லாமல் வந்தது. நம் கரையில் அப்போது அப்படி ஒரு யார்டு இல்லை. வரி கட்டிய உப்பைப் போட்ட நம் கருவாடும், வரியில்லாத உப்பைப் போட்ட அவர்கள் கருவாடும் ஒரே சந்தையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. வாங்குகிறவன் எதை எடுப்பான் என்று சொல்லவா வேண்டும்?

இந்த நிலையில் பிரிட்டிஷ் சர்க்கார் உப்பு வரியை ஏற்றியது. அவர்களுடைய பட்ஜெட்டில் எங்கோ துண்டு விழுந்ததாம். அந்தத் துண்டை அடைக்க நெய்யாற்றின்கரைப் பண்டகசாலை வாசலிலும் புது விலை ஒட்டப்பட்டது. ஒட்டச் சொல்லி உத்தரவு போட்டவன் நான்தான்.

அது கும்ப மாதம், மாசி வெயில். ஒரு நாள் காலையில் கரை கொள்ளாமல் அயிலை மீன் விழுந்தது. சாதாரணமாக அப்படி விழுந்தால் வியாபாரிகள் முந்திக்கொண்டு வருவார்கள். அன்றைக்கு உப்பு விலைக்குப் பயந்து பேர் சொல்லும்படி யாரும் வரவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பொழியின் ஓரத்தில் வெயில் காலத்தில் உப்புப் பூக்கும். பெண்கள் அந்த உப்பு மண்ணைச் சுரண்டி, தண்ணீரில் கரைத்து, துணியில் வடித்து, அந்த நீரில் மீனைப் போட ஆரம்பித்தார்கள். சட்டப்படி இது குற்றம். பண்டகசாலையில் மொத்தமாக உப்பெடுத்து விற்கும் குத்தகைக்காரர் எனக்கு ஆள் அனுப்பியதோடு நிற்காமல் திருவனந்தபுரத்துக்கும் தந்தி அடித்துவிட்டார்.

நான் இரண்டு பியூன்களையும், சாட்சிக்குக் கிராமத்தில் வரி வசூலிக்கும் பார்வத்தியக்காரரையும் கூட்டிக்கொண்டு போனேன். எங்களைக் கண்டதும் பெண்கள் ஓடிவிட்டார்கள். ரோசம்மா மட்டும் கொட்டகையில் நின்றாள். முழங்கை வரைக்கும் மீன் செதில்.

“ஓடல்லியா நீ?” என்று பியூன் கேட்டான்.

“மீன விட்டுட்டு எங்க ஓடுயது?”

நான் கேட்டேன், “ரோசம்மா, இது குற்றமாக்கும். தெரியுமில்லையா?”

“தெரியும் ஏமானே. போன ஆழ்ச்ச வரெ சர்க்காருக்க உப்புதான் வாங்கினேன். உங்களுக்கே தெரியும். இப்பம் வச்சிருக்கிய வெலக்கு உப்பு வாங்கிப் போட்டா, மீன வித்துக் கிட்டுயது உப்புக்கே தெகையாது. கெழக்கேந்து வாற கருவாட்ட நீங்க பிடிக்கல்லியே? அவியளுக்கு உப்பு ஏறக்கொறைய சும்மா குடுக்கினாவளாம். எனக்க சித்தி மொவ கூட்டப்புளியிலயாக்கும். அவ சொன்னா. அவிய விக்கிய வெலக்கு நான் எங்ஙன விப்பேன்? அத மட்டும் சொல்லுங்க. இந்தப் பானைய நானே ஒடச்சுப் போடுதேன்.”

பார்வத்தியக்காரர் என் முகத்தைப் பார்த்தார். நான் மகஜர் எழுதும்படி சொன்னேன். வேறு என்ன சொல்வேன்?

உப்புக் கேசில் செய்ய வேண்டியவற்றுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் இடத்தை எழுத வேண்டும். நாலு எல்லையும் சொல்லி, பானைகள் எங்கே இருந்தன, அடுப்பு எரிந்ததா இல்லையா என்றெல்லாம் குறிக்க வேண்டும். பிறகு உப்பு மண்ணில் கொஞ்சம், வடித்த நீரில் கொஞ்சம் மாதிரிக்கு எடுத்து, மண்ணைத் துணியிலும் நீரைக் குப்பியிலும் கட்டி, அரக்கு உருக்கி முத்திரை வைக்க வேண்டும். அரக்கு காய்வதற்குள் சாட்சிகள் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். மிச்சத்தை அங்கேயே அழிக்க வேண்டும். நீரைத் தரையில் கொட்ட வேண்டும். மண்ணோடு சேறு கலந்து கடலில் எறிய வேண்டும். கள்ள உப்புப் பட்ட பொருளையும் அழிக்க வேண்டும் என்பது விதி. இந்தக் கேசில் அந்தப் பொருள் அவ்வளவு அயிலையும்தான்.

பியூன்கள் குழி வெட்டினார்கள். முதல் கூடையைத் தூக்கியபோது ரோசம்மா குழியின் ஓரத்துக்கு வந்து நின்றாள்.

“ஏமானே, உப்ப அழிச்சுக்கிடுங்க. என்னையும் கொண்டுபோங்க. மீனு எந்தக் குத்தம் செய்திச்சு? எங்கிளுக்கு வேண்டாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளியளுக்குக் குடுங்க. யாருக்கெங்கிலும் குடுங்க. கடல் தந்தத குழியில போடாதீங்க.”

விதியில் கொடுப்பதற்கு இடம் இல்லை. புதைத்தார்கள். தள்ளி நின்ற பெண்கள் எழவு வீட்டில் அழுவது போல அழுதார்கள். யாக்கோபு துடுப்பை எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். ரோசம்மா அவன் மார்பில் கை வைத்துத் தடுத்தாள். “மக்கா, வேண்டாம் டேய். நீயும் உள்ள போனா அம்மைக்கு யாரு உண்டு? நான் போயிட்டு வாறேன்” என்றாள்.

நெய்யாற்றின்கரை மாஜிஸ்டிரேட் கோர்ட்டில் அவளை உள்ளே விடவில்லை. அவள் ஜாதிக்கு அங்கே முற்றத்தில்தான் இடம். ஜன்னல் வழியாக விசாரணை நடந்தது. மாஜிஸ்டிரேட் தலையைத் தூக்காமல், “நினக்கு எந்தெங்கிலும் பறயானுண்டோ?” என்று, சொல்ல ஏதாவது உண்டா என்று மலையாளத்தில் கேட்டார்.

“பறயியதுக்கு ஒருபாடு உண்டு ஏமானே. கேக்கியதுக்கு யாரு உண்டு?” என்றாள் ரோசம்மா.

இதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார்கள். அபராதம், கட்டாவிட்டால் சிறை. பிடித்த மீனும் குழிக்குப் போன வீட்டில் அபராதத்துக்கு எங்கே போவார்கள்? சிறைக்குப் போனாள்.

நான் அன்று மாலையே கேசைப் பற்றித் திருவனந்தபுரத்துக்கு ரிப்போர்ட் எழுதினேன். எத்தனை பேர் பிடிபட்டார்கள் என்று எழுதினால் போதும். நான் கிழக்கத்திக் கருவாட்டைப் பற்றியும், நம் கரையிலும் வேலி கட்டி வரியில்லாத உப்புக் கொடுக்க வேண்டும் என்றும் சேர்த்து எழுதினேன். பதிலுக்கு ஒரு கண்டனம் வரும் என்று எதிர்பார்த்தேன். அடுத்த வாரம் சூப்பரின்டென்டன்ட் நாராயண அய்யரே வில்வண்டியில் வந்து இறங்கினார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெலிந்த மனிதர். மூடிய கோட்டு, தலைப்பாகை. கடற்கரையில் மட்டும் செருப்பைக் கழற்றி வண்டியில் வைத்துவிட்டு நடப்பார். எந்தப் பண்டகசாலைக்குப் போனாலும் உட்கார மாட்டார். மூட்டையில் கை விட்டு இரண்டு பரல் உப்பை எடுத்து நாக்கில் வைத்துத் துப்பிவிட்டு, இது எந்த அளத்து உப்பு என்று சொல்வார். கேள்வி கேட்டால் பதில் வரும் வரைக்கும் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு நிற்பார். அந்தப் பார்வைக்குப் பயந்தே பலர் உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள். தாகம் எடுத்தால் மீன்பிடிக்கிறவர்களின் குடியிருப்பில் தண்ணீர் குடிக்க மாட்டார். பியூன் இளநீர் வெட்டித் தர வேண்டும். அவர்களுக்காகக் கடைசி வரைக்கும் வாதாடிய ஒரே அதிகாரியும் அவர்தான். இரண்டும் ஒரே மனிதரிடம் இருந்தன. நான் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

மீன் புதைத்த குழியைப் போய்ப் பார்த்தார். நாற்றம் தாங்க முடியவில்லை. அங்கவஸ்திரத்தை மூக்கில் வைக்காமல் நின்றார்.

“ஓய் பிள்ளை, இது எத்தனை பேர் சாப்பாடு?”

“தெரியாது சாமி.”

“எனக்கும் தெரியாது. நம்ம இலாகாவிலே எவனுக்கும் தெரியாது. அதான் புதைக்க முடியறது.” குழியை விட்டுத் திரும்பி நடந்துகொண்டே, “நீர் எழுதினதை நான் மேலே அனுப்பப் போறதில்லை. இது ஒரு இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட். குப்பைக்குப் போகும். நாம ஒரு மெமோரியல், பெரிய விண்ணப்பமா எழுதுவோம். உப்பை மட்டும் கேட்டால் உப்பு கிடைக்காது. தூத்துக்குடித் தீர்வையிலே நம்ம பங்கைக் கேட்போம். பங்கைத் துரை தர மாட்டான். அதுக்குப் பதிலா உப்பையாவது தரட்டும்” என்றார்.

அதன் பிறகு நான் சந்தை சந்தையாகப் போனேன். பாறசாலை, நெய்யாற்றின்கரை, கிழக்கே மலையோரச் சந்தைகள். மல்லுத் துணி எங்கிருந்து வந்தது, மண்ணெண்ணெய்த் தகரம் எங்கே இறங்கியது, தீப்பெட்டி யார் வழியாக வந்தது என்று கடைகடையாகக் கேட்டேன். எல்லாரும் கிழக்கே கை காட்டினார்கள். ஒரு துணிக்கடைக்காரர், “பிள்ளேவாள், நாம உடுத்தியிருக்கிய முண்டுக்கும் அவனுக்குக் கப்பம் கட்டுதோம், தெரியுமா?” என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மெமோரியலை அய்யர் தன் வீட்டில் வைத்து எழுதினார். நடந்துகொண்டே சொல்வார், நான் எழுத வேண்டும். சொன்ன வாக்கியத்தை உடனே திரும்பப் படிக்கச் சொல்வார். கேட்டுவிட்டுப் பாதியை அடிப்பார். உப்பு விலையால் மீனவர் படும் ‘கொடுமை’ என்று நான் ஒரு இடத்தில் போட்டிருந்தேன்.

“அதை எடும். கொடுமைன்னா செஞ்சவன் ஒருத்தன் இருக்கணும். துரை கோவிச்சுப்பான். ‘அசௌகரியம்’னு போடும்.”

“ஒரு பெண்பிள்ளை ஜெயிலில் கிடக்கிறாள் சாமி.”

“தெரியும். அவளை வெளியே எடுக்கத்தான் அசௌகரியம்னு எழுதச் சொல்றேன்.”

எழுதினேன்.

திருவனந்தபுரத்தில் பிரிட்டிஷ் சர்க்காரின் பிரதிநிதியான பெரிய துரைக்கு ஒரு உதவியாளர் இருந்தார். சின்ன வயதுத் துரை. அவரைப் பார்க்க அய்யருக்கு அனுமதி கிடைத்தது. உப்பு மாதிரியும் கருவாட்டு மாதிரியும் தூக்கிக்கொண்டு நான் கூடப் போனேன். அய்யருக்கு நாற்காலி போட்டார்கள். நான் கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அது புரியும் என்று துரை நினைக்கவில்லை.

துரை மரியாதையாகத்தான் பேசினார். உடன்படிக்கையில் உங்கள் திவான் தானே கையெழுத்துப் போட்டார் என்றார். எல்லைச் சுங்கத்தை எடுத்ததால் உங்கள் வியாபாரம் வளர்ந்திருக்கிறதே என்றார். பிறகு, “உங்கள் கரையில் உப்பைக் குறைத்துக் கொடுத்தால், அது எங்கள் திருநெல்வேலிக்குள் கடத்தப்படாது என்பதற்கு என்ன உத்தரவாதம்?” என்று கேட்டார்.

அய்யர் சொன்னார்: “உங்கள் திருநெல்வேலியில் உப்பைக் குறைத்துக் கொடுக்கிறீர்கள். அது கருவாடாக எங்கள் சந்தைக்கு வந்துகொண்டிருக்கிறது. நாங்கள் உங்களிடம் உத்தரவாதம் கேட்கவில்லையே.”

துரை மனம்விட்டுச் சிரித்தார். நல்ல பதில் என்று பாராட்டினார். கை குலுக்கினார். வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார். வண்டியில் ஏறியதும் அய்யர், “ஓய் பிள்ளை, ஆகாது. காரியம் ஆகிறதா இருந்தா அவன் கோவிச்சுண்டிருப்பான்” என்றார்.

பதில் மழைக்காலத்தில் வந்தது. உடன்படிக்கையை இப்போது மறுபரிசீலனை செய்வதற்கில்லை என்று ஒரே ஒரு வாக்கியம். அதோடு வந்ததா, அதனால் வந்ததா என்று எனக்குத் தெரியாது, அய்யருக்கு இட மாற்றமும் வந்தது. உப்பைப் பற்றி ஒன்றும் கேட்க வேண்டியிராத வேறு இலாகா. போகும் முன் காஞ்சிரங்குளத்துக்கு ஒரு தடவை வந்தார். இந்தத் தடவை செருப்பைக் கழற்றவில்லை. வண்டியை விட்டு இறங்கவே இல்லை. “அந்தப் பொண்ணு வந்தாளோ?” என்று மட்டும் கேட்டார்.

வந்திருந்தாள். வந்த இடத்தில் கொட்டகை இல்லை. வேலைக்கு வந்துகொண்டிருந்த பெண்கள் சிதறிவிட்டார்கள். சில நாள் பொழி ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒரு நாள் யாக்கோபு கட்டுமரத்தை இறக்கி, அம்மையையும் அவளையும் பாத்திரங்களையும் ஏற்றிக்கொண்டு கிழக்கே போய்விட்டான். கூட்டப்புளிக்குப் போனதாகச் சொன்னார்கள். கன்னியாகுமரியைத் தாண்டினால் கொஞ்ச தூரம். அது பிரிட்டிஷ் சீமை. அவர்களைப் பார்த்து இன்னும் சில குடும்பங்கள் போயின. அந்தக் கரையில் முன்பு காலையில் கூடை வைக்க இடம் இருக்காது. பிறகு நண்டு ஓடும் சத்தம் கேட்கும்படி ஆயிற்று.

இதற்கு எனக்குக் கிடைத்த பங்கையும் சொல்லிவிடுகிறேன். புது சூப்பரின்டென்டன்ட் வந்தார். அவருக்குக் கடற்கரை தெரியாது, உப்பின் ருசி தெரியாது. என் எல்லையில் உப்பு விற்பனை ஏன் குறைந்தது என்று விளக்கம் கேட்டு மெமோ அனுப்பினார். மீன் உப்பிடுகிறவர்கள் நாட்டை விட்டுப் போய்விட்டார்கள், உப்பு வாங்க ஆள் இல்லை என்று உள்ளதை எழுதினேன். விளக்கம் திருப்திகரமாக இல்லை, கள்ள உப்பைத் தடுப்பதில் இன்ஸ்பெக்டருக்கு ஊக்கம் குறைந்ததே காரணம் என்று முடிவு செய்தார்கள். சம்பள உயர்வை நிறுத்திவைத்தார்கள். என் மூத்த மகள் கல்யாணம் அந்த வருஷம் நின்றுபோயிற்று. மாப்பிள்ளை வீட்டார் சொன்ன காரணம் வேறு. கொல்லயில் ஊர் முழுக்கப் பேசிக்கொண்ட காரணம் இதுதான்.

நான் ராஜினாமா செய்யவில்லை. அய்யரைப் போல வாதாடவும் பிறகு யாரும் வரவில்லை. தினமும் பொழி ஓரம் நடந்தேன், உப்புப் பூத்த இடங்களைப் பியூன்களை வைத்து மிதித்துக் கலைத்தேன். சுரண்ட ஆள் இல்லாத இடத்தில் உப்பைக் கலைப்பதற்கும் சர்க்கார் சம்பளம் கொடுத்தது.

நான் பென்ஷன் வாங்கப் போகும் காலத்தில் நம் கரையிலும் ஒரு மீன் உப்பிடும் யார்டுக்கு அனுமதி வந்தது. பந்தல் போட்டார்கள், வாழை கட்டினார்கள். மேலதிகாரி ஒருவர் வந்து சர்க்காரின் கருணையைப் பற்றிப் பேசினார். வேலிக்குள்ளே உப்பு இருந்தது, தராசு இருந்தது, காவல்காரன் இருந்தான். மீனோடு வந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். போனவர்களைத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. யாரும் என்னை அனுப்பவில்லை. லீவு போட்டுவிட்டு நானாகப் போனேன்.

கூட்டப்புளியில் கேட்டதுமே ரோசம்மாவைக் காட்டினார்கள். தலை நரைத்துவிட்டது. யார்டின் வேலிக்கு உள்ளே உட்கார்ந்து சீலா மீனைக் கீறிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உப்புக் குவியல், முழங்கால் உயரம். என்னை அடையாளம் கண்டதும் எழுந்தாள்.

“ஏமானா? இஞ்சயும் வந்தாச்சா? இஞ்ச நான் ஒண்ணும் திருடல்ல கேட்டியளா.”

நான் யார்டு திறந்ததைச் சொன்னேன். உப்பு விலையைச் சொன்னேன். உன் பழைய இடத்தில் கொட்டகை போடலாம், நான் எழுதித் தருகிறேன் என்றேன். கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

“அம்மை இஞ்சதான் கல்லறையில கெடக்கு. யாக்கோபு இஞ்ச பெண்ணு கெட்டி அவனுக்கு நாலு பிள்ளிய. நான் அங்க வந்து ஆருக்குக் கஞ்சி வைக்கியது? அன்னைக்கு அந்த ஒரு நாளு மீன விட்டிருந்தா நாங்க இஞ்ச வந்திருக்க மாட்டோம் ஏமானே.” கத்தியைத் திரும்பக் கையில் எடுத்து, “உங்கள ஒண்ணும் சொல்லல்ல. உங்களுக்கும் அதுக்கு அதிகாரம் இல்ல. ஆருக்குதான் இருந்திச்சோ, அந்த ஆளப் பாக்கணும்ணு மட்டும் ஒரு ஆசை உண்டு” என்றாள்.

நான் கிளம்பும்போது ஒரு ஓலைப்பையில் சீலாக் கருவாடு போட்டுத் தந்தாள். எங்கள் வீட்டில் மீன் சமைப்பதில்லை. வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை, வாங்கிக்கொண்டேன்.

திரும்பும் வழியில் எல்லைச் சோதனைச் சவுக்கையில் நம் இலாகாப் பியூன் ஒருவன் வண்டியை நிறுத்தினான். புதிதாகச் சேர்ந்தவன், என்னைத் தெரியாது. நானும் யாரென்று சொல்லவில்லை. பையில் என்ன என்று கேட்டான். கருவாடு என்றேன். அவிழ்த்துப் பார்த்தான். பையின் அடியில் கருவாட்டிலிருந்து உதிர்ந்த உப்புக் கொஞ்சம் கிடந்தது. அந்தப் பக்கத்து உப்பு, நம் எல்லைக்குள் வரக் கூடாதது. அவன் ஒவ்வொரு கருவாடாக எடுத்து, பலகை ஓரத்தில் தட்டி, உதிர்ந்த உப்பையெல்லாம் சேர்த்து ஓடையில் கொட்டினான். பையையும் கவிழ்த்து உதறினான். வேலையைச் சரியாகச் செய்தான், ஒரு குறை சொல்ல முடியாது. பிறகு கருவாட்டைத் திரும்பப் பையில் அடுக்கி, மரியாதையாக என் கையில் கொடுத்தான்.

“இனி கொண்டுபோலாம் அண்ணாச்சி. மீனுக்குள்ள ஏறின உப்பு நம்ம சர்க்காருக்க கணக்கில வராது.”